கழற்றினால் எழுது: விமானத் தரம் பற்றி ஊராரின் கேள்விகள்

வெளிநாட்டில் விமானப் பராமரிப்பு எஞ்சினியராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது உப்புவெளியில் இருக்கிறேன். போயிங் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் திருகோணமலையில் யாராவது வழியில் மறித்துக் கேட்பார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சேர், பறக்கிற விமானத்தில் இருந்து கதவு எப்படிக் கழன்று விழும்? (உவர்மலை, ஏ.எல். மாணவி)

பிள்ளை, அது கதவு இல்லை. தேவைப்பட்டால் கதவு வைப்பதற்கென்று விட்ட இடத்தை அடைக்கும் மூடி. 2024 ஜனவரி 5 அன்று போர்ட்லண்டில் இருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9, சுமார் 16,000 அடி உயரத்தில் பறந்தபோது அந்த மூடி பிய்த்துக்கொண்டு போனது. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. 177 பேரும் தப்பினார்கள்.

அந்த மூடி மேல்நோக்கி நகராமல் பிடித்து வைப்பது நாலு போல்ட். ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் செய்து அனுப்பிய உடற்பகுதியில் சில ரிவெட்டுகள் பழுதாக இருந்ததால், போயிங்கின் ரென்டன் தொழிற்சாலையில் அவற்றைத் திருத்த மூடியைத் திறந்தார்கள். திறந்ததை யாரும் பதியவில்லை. பதிவு இல்லையென்றால், திரும்பப் பூட்டியதைப் பரிசோதிக்க ஆள் வரமாட்டார். வேலையாட்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட ஒரு படம் பிறகு விசாரணையில் வெளிவந்தது. மூடி அதன் இடத்தில் இருக்கிறது. மூன்று போல்ட் துளைகள் வெறுமையாகத் தெரிகின்றன. நாலாவதை இன்சுலேஷன் மறைக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஸ்குருவில் கை வைக்க முதல் அட்டையில் எழுது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஷிப்ட் மாறி வருபவருக்கு அந்த அட்டையை விட்டால் வேறு எதுவும் தெரியாது.

அண்ணை, எங்கட போட் எஞ்சினுக்கு டூப்ளிகேட் சாமான் வந்து தொல்லை. பிளேனுக்கும் அப்படி வருமா? (கிண்ணியா, எஞ்சின் திருத்துபவர்)

வரும் நானா. விமானத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் சான்றிதழ் வேண்டும். ஆகவே ஏமாற்றுபவன் முதலில் பொய்யாக்குவது சான்றிதழைத்தான். பிரிட்டனில் ஏஓஜி டெக்னிக்ஸ் என்ற கம்பனி போலிப் பத்திரங்களோடு எஞ்சின் பாகங்களை விற்றது 2023இல் வெளியே வந்தது. பல நாட்டு விமானங்களில் எஞ்சினைத் திறந்து தேட வேண்டியதாயிற்று.

விண்வெளியில் இன்னும் மோசம். 2009இலும் 2011இலும் நாசாவின் இரண்டு செயற்கைக்கோள்கள் டோரஸ் எக்ஸ்எல் ரொக்கெட்டில் போய்க் கடலில் விழுந்தன. இரண்டு தடவையும் செயற்கைக்கோளை மூடியிருக்கும் உச்சிக் கவசம் பிரியவில்லை. கடைசியில் பிடிபட்டது அந்தக் கவசத்தைப் பிரிக்கும் பாகத்தின் அலுமினியம். சாபா புரொபைல்ஸ் என்ற கம்பனியில் 19 வருடமாக உலோகப் பரிசோதனை முடிவுகளை மாற்றி எழுதி, தேறாத அலுமினியத்தைத் தேறியது என்று அனுப்பியிருக்கிறார்கள். நாசா சொன்ன நட்டம் 700 மில்லியன் டொலருக்கு மேல். கம்பனி கட்டச் சம்மதித்தது 46 மில்லியன். பரிசோதனைக்கூட மேற்பார்வையாளருக்கு மூன்று வருடச் சிறை.

பிழையாகப் பூட்டவே முடியாதபடி பாகங்களைச் செய்ய இயலாதா? (தொழில்நுட்பக் கல்லூரி மாணவன்)

செய்கிறார்கள் தம்பி. ஆனால் 2013 ஜூலையில் விழுந்த ரஷ்யாவின் புரோட்டான் ரொக்கெட்டைப் பார். எந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போட்ட சென்சர்களில் மூன்றைத் தலைகீழாகப் பூட்டியிருந்தார்கள். அப்படி வைத்தால் அவை சரியாக அமராது. பலத்தைப் பாவித்து உள்ளே தள்ளியதற்கு உலோகத்தில் அடையாளம் இருந்தது. அதன்பிறகும் அது பரிசோதனைகளைத் தாண்டிப் போனது.

346 பேர் செத்தார்களே. ஒருவராவது சிறைக்குப் போனாரா? (மூதூர், ஆசிரியர்)

இல்லை ஐயா. விழுந்தவை இரண்டு போயிங் 737 மேக்ஸ். 2018 ஒக்டோபரில் லயன் ஏர், 189 பேர். 2019 மார்ச்சில் எத்தியோப்பியன், 157 பேர். எம்கேஸ் என்ற மென்பொருள் விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே இறக்கியது. விமானத்தில் இரண்டு சென்சர் இருந்தும் அது ஒன்றின் பேச்சை மட்டும் கேட்டது. அது பழுதானால் என்ன ஆகும் என்பதைப் படிக்கிற பையனும் கேட்பான். விமானிகளின் கைநூலில் அதைப் பற்றிய விளக்கமே இல்லை.

2021இல் போயிங் 2.5 பில்லியன் டொலர் கட்டச் சம்மதித்து வழக்கைத் தள்ளிவைத்தது. அதில் பெரும்பகுதி விமானக் கம்பனிகளுக்கு. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 500 மில்லியன். தனியாளாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரே ஒருவரான போயிங்கின் விமானியை 2022இல் ஜூரி விடுவித்தது. 2025 நவம்பரில், குடும்பங்கள் எதிர்த்தும், கம்பனி மீதான வழக்கு தள்ளுபடியானது. விலையையும் காலக்கெடுவையும் தீர்மானித்தவர்கள் ஒருவரும் கூண்டில் ஏறவில்லை. இதை என்னால் ஏற்க முடியாது.

1974இல் பாரிஸுக்குப் பக்கத்தில் சரக்குக் கதவு பிய்ந்து விழுந்த டிசி-10 விமானத்திலும் இதே 346 பேர். அந்தக் கதவுப் பூட்டு ஆபத்தானது என்று 1972இலேயே ஒரு எஞ்சினியர் எழுதி வைத்திருந்தார்.

சேலஞ்சரும் அப்படித்தானே? (நிலாவெளி)

ஆம். சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 1986 ஜனவரி 28க்கு முதல் இரவு, குளிரில் ரொக்கெட் மூட்டின் ரப்பர் வளையம் இறுகிவிடும், ஏவவேண்டாம் என்று அந்த ரொக்கெட்டைச் செய்த மோர்டன் தியோகோல் கம்பனியின் எஞ்சினியர்கள் மன்றாடினார்கள். அவர்களில் ஒருவரான அலன் மெக்டொனால்ட் ஏவச் சம்மதித்துக் கையெழுத்து வைக்க மறுத்தார். அவருக்கு மேலே இருந்தவர் வைத்தார். 73 நொடியில் ஏழு பேர் போய்விட்டார்கள்.

எங்கட நாட்டுக்கும் இதில் சம்பந்தம் உண்டா? (தம்பலகாமம்)

உண்டு. 2020 ஜனவரியில் லஞ்ச வழக்குகளைத் தீர்க்க ஏர்பஸ் 3.6 பில்லியன் யூரோ கட்ட ஒப்புக்கொண்டது. ஸ்ரீலங்கன் விமானக் கொள்வனவும் அதில் ஒன்று. காசு போனது பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்க அரசுகளுக்கு.

கட்டுநாயக்காவில் மேக்ஸ் வந்து நின்றால் நீங்கள் ஏறுவீர்களா அண்ணா? (அன்புவழிபுரம்)

ஏறுவேன். 20 மாதம் தரையில் நிறுத்தித்தான் அதைத் திருத்தினார்கள். இப்போது எம்கேஸ் இரண்டு சென்சரையும் ஒப்பிடும், ஒத்துவராவிட்டால் இயங்காது. திரும்பத் திரும்பத் தள்ளாது. விமானி கையால் இழுத்து அதை வெல்லலாம். அதற்குச் சிமுலேட்டர் பயிற்சியும் கட்டாயம். அலாஸ்கா விபத்துக்குப் பிறகு, மாதத்துக்கு 38 மேக்ஸுக்கு மேல் செய்யக்கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரசபை 2025 ஒக்டோபர் வரை பிடித்து வைத்திருந்தது. தொழிற்சாலைக்குள் தன் ஆட்களையும் கூட்டியது. அதை 2018க்கு முன்பே செய்திருக்க வேண்டும்.