போலிஷ் நெடுஞ்சொற்கள்: வாலைப் பிடித்து வாருங்கள்

போலிஷ் கூட்டுப் பெயரடைகளை எப்படி அசை பிரிப்பது, எங்கே அழுத்துவது என்று வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். தமிழ் எழுத்தில் எழுதினால் ஒலி கொஞ்சம் நசுங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'இருபத்தைந்து வயதான' என்பதற்கான 'த்வுஜெஸ்தொபியெஞ்ச்சொலெத்னி' வாயில் நுழையவே மாட்டேன் என்கிறது. எங்கே வெட்டுவது?

பதில்: த்வு–ஜெஸ்–தோ–பியெஞ்–ச்சோ–லெத்–னி. ஏழு அசை. சொல் எவ்வளவு நீண்டாலும் கடைசிக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம், இங்கே 'லெத்'. முதல் அசையில் லேசாக ஒரு தட்டு விழும், அது துணை அழுத்தம். அதை ஓங்கி அடித்துவிடாதீர்கள்.

பழகுவதற்கு வாலிலிருந்து தொடங்குங்கள். முதலில் 'லெத்னி'. அப்புறம் 'பியெஞ்ச்சொலெத்னி'. கடைசியில்தான் முழுச்சொல். ஆனால் 'லெத்'தை மனப்பாடம் செய்துவிட்டு உட்கார்ந்தால் வேற்றுமை உருபு வந்து கவிழ்த்துவிடும். 'இருபத்தைந்து வயதானவருடைய' என்னும்போது வால் லெத்–நியெ–கோ என்று நீளும், அழுத்தமும் 'நியெ'வுக்குத் தாவும். அழுத்தம் வேரோடு ஒட்டியிருப்பதில்லை, வாலோடு நகரும்.

கேள்வி: அதே சொல்லை எழுத்தில் எண்ணினால் பத்து உயிர் வருகிறதே?

பதில்: எல்லோரும் விழும் குழி இது. வேறோர் உயிருக்கு முன்னால் நிற்கும் இகரம் அசையாகாது. முன்னுள்ள மெய்யை மென்மையாக்குவதோடு அதன் வேலை முடிந்தது. இந்தச் சொல்லில் அப்படி மூன்று. பத்தில் மூன்று போனால் ஏழு. கடைசி 'னி'யில் உள்ள இகரம் மட்டும் நிஜமான உயிர்.

கேள்வி: நேர், நிரை என்று அலகிட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். நிரையசைக்குள் இரண்டு உயிர் அடங்கிவிடும். போலிஷில் ஓர் உயிருக்கு ஓர் அசை. (மேலே சொன்ன இகரம் நீங்கலாக!)

கேள்வி: போலந்துக் கொடியைச் சொல்லும் 'பியாவொ-செர்வோனி'யில் நடுவே சிறுகோடு எதற்கு?

பதில்: வெள்ளையும் சிவப்பும் சமமாக நிற்பதால். 'யாஸ்னொஜெலோனி', அதாவது இளம்பச்சை, ஒரே நிறம். அதனால் கோடு இல்லாமல் சேர்த்தே எழுதுவார்கள். கொடிச்சொல்லில் முதன்மை அழுத்தம் நான்காவது அசையில், துணை அழுத்தம் 'பியா'வில். இன்னொரு வேடிக்கை: வரி முடிவில் அந்தச் சொல் கோட்டருகே உடைந்தால், மேல்வரியின் கடைசியில் ஒரு கோடு, கீழ்வரியின் தொடக்கத்திலும் ஒரு கோடு. அச்சுப்பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: கணிதம், 'மாத்தெமாத்திகா'. கடைசியிலிருந்து மூன்றாவதில் அல்லவா அழுத்தம்? உங்கள் விதி உடைந்ததே!

பதில்: அது பெயர்ச்சொல். கிரேக்க, லத்தீன் வழி வந்து 'இகா' என முடியும் சொற்களுக்கு அந்தச் சலுகை உண்டு. பெயரடையாக்கிப் பாருங்கள்: மா–தெ–மா–திச்–னி. அழுத்தம் 'திச்'சில், விதிப்படி.

கேள்வி: என் போலந்து மருமகள் 'தி'யில்தான் அழுத்துகிறாள். அவளைவிட உங்களுக்குத் தெரியுமா?

பதில்: தெரியாது ஐயா. அன்றாடப் பேச்சில் அப்படிச் சொல்வதும் ஏற்கப்பட்டதுதான். மேடையிலும் செய்தி வாசிப்பிலும் இரண்டாவது 'மா'வில் அழுத்துவதே செம்மையான வழக்கு. மருமகளைத் திருத்தப் போகாதீர்கள்.

கேள்வி: அப்போது இயற்பியல், 'ஃபிஸிகா'?

பதில்: முந்தைய இரண்டு பதில்கள். நாம் பெயரடைக்காகக் கூடியிருக்கிறோம்.

கேள்வி: 'அரசியல்', 'பொலித்திகா'?

பதில்: இதுவும் 'இகா'தான்!

கேள்வி: தொண்ணூற்றொன்பது வயதுக்கு?

பதில்: ஜெ–வியெஞ்ச்–ஜெ–ஷெஞ்–ச்சோ–ஜெ–வியெஞ்–ச்சோ–லெத்–னி. பத்து அசை. நூறு வயதானாலும் 'லெத்'தான். வயதுக் கேள்வி இனி வேண்டாம்.

கேள்வி: செக் மொழியிலும் இப்படியா?

பதில்: அங்கே முதல் அசையில் அழுத்துவார்கள். மற்றதைச் செக் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: 'பியெஞ்'சில் இகரத்தைச் சேர்த்து இரண்டு அசைதானே?

பதில்: இரண்டாம் கேள்விக்குப் போங்கள்.