மாந்தோல் தூளை நம்பிப் புண்ணாக்கைக் குறைக்கலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் பண்ணைக்குட்டையில் ரோகு, கட்லா வளர்க்கிறேன். மாங்கூழ் ஆலைக் கழிவை உலர்த்தி அரைத்த தூளை ஒரு வியாபாரி விற்கிறார். "கடலைப் புண்ணாக்கைப் பாதியாகக் குறைத்துவிட்டு இதைப் போடுங்கள், நோயும் அண்டாது" என்கிறார். வாங்கலாமா?

பதில்: புண்ணாக்குக்கு மாற்றாக என்றால் வேண்டாம். கெண்டை இனங்களின் தீவனத்தில் 25 முதல் 30 சதவீதம் புரதம் வேண்டும். கடலைப் புண்ணாக்கில் அது 40 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. மாந்தோலில் 10-ஐக்கூட எட்டுவதில்லை. அதில் மிகுதியாக இருப்பவை நாரும் சர்க்கரையும்தான். மூட்டை விலை மலிவாகத் தெரியும். மீன் எடை போடாதபோது நட்டம் புரியும்.

நோய் பற்றிய பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. பழத்தோல்களில் உள்ள பாலிபீனால்கள் என்ற இயற்கைச் சேர்மங்கள் மீனின் எதிர்ப்புச் சக்திக்கு உதவுகின்றன. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், தீவனத்தில் 5 சதவீதம் வாழைப்பழத் தோல் மாவு சேர்த்த ரோகு நன்றாக வளர்ந்தது. ஏரோமோனாஸ் கிருமியையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கியது. அளவை 7 சதவீதமாகக் கூட்டியபோது பலன் அந்த அளவுக்கு இல்லை. அது வாழைத்தோலில் கிடைத்த முடிவு. மாந்தோலுக்கு அதே அளவு பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எப்படியானாலும் வழக்கமான தீவனத்தோடு சிறிதளவு சேர்க்கலாம், அவ்வளவே. "நோயே அண்டாது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சிறிதளவுக்கு வாங்குவதானாலும் கொட்டையும் சேர்த்து அரைத்தார்களா என்று கேளுங்கள். மாங்கொட்டைப் பருப்பில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் புரதம் செரிப்பதைக் கெடுக்கும். அதைவிட எனக்குப் பெரிய கவலை ஈரம். மாம்பழப் பருவத்தின் கடைசியில் மழை வந்துவிடுகிறது. களத்தில் காயப்போட்ட தோல் சரியாகக் காய்வதில்லை. தூள் கட்டி பிடித்திருந்தாலோ, புளித்த வாடையோ பூஞ்சணமோ இருந்தாலோ இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பூஞ்சை நஞ்சு மீனின் ஈரலைப் பாதிக்கும். மிச்சம் என்று ஆலையிலிருந்து பச்சைத்தோலை அள்ளிவந்து குட்டையில் கொட்டவும் வேண்டாம். அது அழுகும்போது நீரில் உள்ள உயிர்வளியை (ஆக்சிஜனை) தின்றுவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

மூட்டையில் புரதம், நார், ஈரப்பதம், தயாரித்த நாள் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தாமே உழைத்து மீன் வளர்ப்பவரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். பொய்யான உறுதிமொழியால் நட்டம் வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். வியாபாரி வாயால் சொன்னதை அந்த ரசீதின் பின்புறமாவது எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.