உங்களுக்கு ஆகாதது அவருக்கு எப்படி ஆகும்?

கேள்வி: எனக்கு வயது 36. எட்டு மாதங்களாகத் தலையில் அரிப்பும் முடி உதிர்வும் இருக்கின்றன. ஷாம்பூவில் நுரைக்காகச் சேர்க்கும் சல்பேட்டும், கிருமி வளராமல் காக்கும் பாராபெனும் கெடுதல் என்று படித்ததிலிருந்து ஆறு ஷாம்பூக்களை மாற்றிவிட்டேன். எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. இரவில் தூக்கம் வருவதில்லை, பகலெல்லாம் சோர்வு. இந்த இரசாயனங்கள் இரத்தத்தில் கலந்துவிட்டனவோ என்று பயமாக இருக்கிறது. (எனக்கு ஒத்துவராத பாட்டில்களை வீணாக்குவதில்லை. அடியில் மிஞ்சியதில் தண்ணீர் கலந்து என் மாமியாருக்குத் தேய்த்துவிடுகிறேன். அவருக்கு 78 வயது. கை நடுங்குவதால் நான்தான் குளிப்பாட்டுகிறேன். காதோரமும் கழுத்தும் சிவந்திருக்கின்றன, ஆனால் அவர் ஒன்றும் சொல்வதில்லை.) எந்தப் பொருள் இல்லாத ஷாம்பூவை நான் வாங்க வேண்டும்?

பதில்: உங்கள் கேள்விக்குச் சற்றுப் பிறகு வருகிறேன். அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியிருப்பதைப் பேசாமல் என்னால் நகர முடியாது.

ஆறு பாட்டில்களின் லேபிள்களையும் எழுத்தெழுத்தாகப் படித்து, இவை என் தலைக்கு ஆகாதவை என்று நீங்களே தீர்மானித்திருக்கிறீர்கள். பிறகு அதே பாட்டில்களை எடுத்துச் சென்று, தன் தலையைத் தானே தேய்த்துக்கொள்ள முடியாத, வேண்டாம் என்று சொன்னால் மருமகளுக்குச் சுமையாகிவிடுவோமோ என்று அஞ்சக்கூடிய ஒரு முதியவரின் தலையில் ஊற்றுகிறீர்கள். இதைச் சிக்கனம் என்று நீங்கள் நினைக்கலாம். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நமக்கு வேண்டாததை வீட்டில் வாய் திறக்காதவருக்குக் கொடுப்பது சிக்கனத்தில் சேராது. இதே போன்ற கடிதங்கள் எனக்குப் பலமுறை வந்திருக்கின்றன. சில வீடுகளில் அந்த வாய் திறக்காதவர் குழந்தை, சில வீடுகளில் பெரியவர்.

காதோரமும் கழுத்தும் சிவந்திருப்பதைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி அதுதான். ஷாம்பூவிலுள்ள ஒரு பொருள் ஒத்துக்கொள்ளாதபோது தலைத்தோலே முதலில் காட்டிக்கொடுக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். தலைத்தோல் ஓரளவு தாங்கும் தன்மை உடையது. நுரை வழிந்து இறங்கும் வழியில் உள்ள மெல்லிய தோல், அதாவது கண்ணிமை, நெற்றியோரம், காதின் பின்புறம், கழுத்தின் இரு பக்கங்கள் ஆகியவையே பெரும்பாலும் முதலில் சிவந்து அரிக்கும். ஒவ்வாமை வெளிப்பட ஓரிரு நாட்கள்கூட ஆகலாம் என்பதால், ஞாயிற்றுக்கிழமை தேய்த்த நுரைக்கும் செவ்வாய்க்கிழமை தோன்றும் சிவப்புக்கும் தொடர்பு இருப்பதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. வயதானால் தோல் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம்.

நீங்கள் தண்ணீர் கலப்பது இதை இன்னும் மோசமாக்குகிறது. ஷாம்பூவில் கிருமி வளராமல் காக்கும் பொருளை ஓர் அளவோடு சேர்க்கிறார்கள். தண்ணீர் ஊற்றும்போது அந்த அளவு குறைந்து, ஈரமான குளியலறையில் நாட்கணக்கில் இருக்கும் அந்தக் கலவையில் கிருமிகள் பெருக இடம் கிடைக்கிறது. சொறிந்து புண்ணான தோலில் அது படுவதை எண்ணிப் பாருங்கள். வாசனைக்காகச் சேர்க்கப்படும் லினலூல், லிமோனீன் போன்றவையும் காற்றுப்பட்டு மாறும்போதுதான் ஒவ்வாமையைத் தூண்டும் பொருட்களாகின்றன. ஆகவே பல மாதங்களாகத் திறந்து திறந்து மூடப்பட்ட பாட்டில், நீங்கள் முதல் நாள் பயன்படுத்திய அதே பாட்டில் என்று சொல்ல முடியாது. வயதான தோலில் எண்ணெய்ச் சுரப்பும் குறைவு, வறட்சி அதிகம், நுரையால் ஏற்படும் எரிச்சலிலிருந்து மீள்வதற்கும் கூடுதல் நாட்கள் பிடிக்கும்.

அவருடைய கை ஏன் நடுங்குகிறது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாரா? பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்குத் தலையிலும் புருவத்திலும் மூக்கோரத்திலும் காதின் பின்புறத்திலும் எண்ணெய்ப் பசையுள்ள செதில்களோடு சிவக்கும் ஒருவகைத் தோல் அழற்சி சாதாரணமாகவே அதிகம் காணப்படுகிறது. அதற்குத் தனி மருந்து உண்டு. அவருடைய சிவப்பு ஷாம்பூ ஒவ்வாமையா, இந்த அழற்சியா, இரண்டுமா என்பதைத் தோல் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல முடியும். எட்டு மாதங்களாக உங்கள் தலைமுடிக்காகக் கவலைப்பட்ட நீங்கள், அவரை ஒருமுறையேனும் அழைத்துச் சென்றதாகக் கடிதத்தில் எழுதவில்லை.

என் தாயாரின் கடைசி மூன்று ஆண்டுகளில் நான்தான் அவருக்குத் தலைக்கு ஊற்றினேன். நுரையை அலசும்போது அவர் கண்களை இறுக மூடிக்கொள்வார். தண்ணீர் படுவதால் அப்படிச் செய்கிறார் என்று பல மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். எரிகிறது என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால்தான் "ஒன்றும் சொல்வதில்லை" என்ற உங்கள் சொற்களை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. ஒருவர் உடலைத் தொட்டுக் குளிப்பாட்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்டோமானால், அவர் சொல்லும்வரை காத்திருக்க நமக்கு உரிமை இல்லை.

இனி உங்கள் கேள்வி. சல்பேட்டைப் பற்றி நீங்கள் படித்தவற்றில் பாதி சரி. சோடியம் லாரில் சல்பேட் தோலை எரிச்சலூட்டக்கூடியது. தோல் ஆய்வுகளில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள். அதன் உறவான சோடியம் லாரெத் சல்பேட் அதைவிட மென்மையானது. ஆனால் எரிச்சல் வேறு, நஞ்சு வேறு. தலையில் சில நிமிடங்கள் இருந்து அலசப்படும் சல்பேட் புற்றுநோயைத் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பாராபென் மீது எல்லோருக்கும் இவ்வளவு கோபம் இருந்தாலும், தோல் ஒவ்வாமையைப் பொறுத்தவரை அது மிக அரிதாகவே தொல்லை தருகிறது. அதை விலக்கிவிட்டு, அதற்குப் பதிலாகச் சில தயாரிப்புகளில் சேர்க்கப்பட்ட மெத்தில்ஐசோதியாசோலினோன் என்ற கிருமித்தடுப்புப் பொருள்தான் ஏராளமானவர்களுக்கு ஒவ்வாமையை உண்டாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தோலில் பூசி அப்படியே விடும் பொருட்களில் அதைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு, அலசிவிடும் பொருட்களில் பத்து இலட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு விதித்தது. சல்பேட் இல்லாத பல ஷாம்பூக்களில் இருக்கும் கோகமிடோப்ரொபைல் பீடைன் என்ற நுரைப்பொருளும் சிலருக்கு ஒவ்வாது. தாவர எண்ணெய் என்று போட்டிருப்பதும் பாதுகாப்புக்கு உறுதி ஆகாது. லாவெண்டர், தேயிலை மர எண்ணெய் ஆகியவற்றுக்கும் ஒவ்வாமை வருகிறது.

ஆகவே எதை விலக்க வேண்டும் என்பதை நானோ லேபிளோ சொல்ல முடியாது. முதுகில் சந்தேகப்படும் பொருட்களை ஒட்டி, இரண்டு நாட்கள் கழித்தும், பிறகு மேலும் இரண்டொரு நாட்கள் கழித்தும் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்தான் அதைச் சொல்லும். உங்கள் அரிப்பு வெறும் பொடுகாகவும் இருக்கலாம். தலைத்தோலில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்ற பூஞ்சைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. அப்படியானால் எந்தப் பொருள் இல்லாத ஷாம்பூவை வாங்கினாலும் பொடுகு போகாது. கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சைக்கு எதிரான மருந்து உள்ள ஷாம்பூ தேவைப்படும். எட்டு மாதத்தில் ஆறு முறை மாற்றியதால், எது உங்களைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பையும் நீங்களே கலைத்துவிட்டீர்கள்.

சோர்வுக்கும் ஷாம்பூவுக்கும் நேரடித் தொடர்பைத் தேடாதீர்கள். இரவெல்லாம் சொறிந்துகொண்டு விழித்திருப்பவருக்குப் பகலில் சோர்வு வராமல் என்ன செய்யும்? முடி உதிர்வும் சோர்வும் சேர்ந்தே வந்தால் இரத்தச்சோகை, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அந்த ஆறு பாட்டில்களிலும் மிஞ்சியிருப்பதை இன்றே கொட்டிவிடுங்கள். லேபிள்களை மட்டும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, இருவரும் ஒரே நாளில் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். மாமியாரை முதலில் காட்டுங்கள். அதுவரை இருவரும் வாசனை சேர்க்கப்படாத ஒரே ஷாம்பூவைச் சிறிதளவு மட்டும் பயன்படுத்துங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, காதின் பின்புறமும் கழுத்தும் வழவழப்பு நீங்கும்வரை அலசுங்கள்.

இன்று மாலை அவரிடம் தலை அரிக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றுதான் சொல்வார். எழுந்துவிடாமல் பக்கத்தில் அமர்ந்து முடியை வகுந்து பாருங்கள், நகக்கண்ணைப் பாருங்கள், தலையணை உறையில் செதிலோ இரத்தப் பொட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள். இந்த முறை அடைப்புக்குறி இல்லாமல்.