காய்கறி அச்சு: கேளுங்கள், சொல்கிறேன்

பென்னாகரம், ஒரு அம்மா: பையனுக்கு மூன்றரை வயசு. வெட்டிய காயில் சாயம் தொட்டுத் தாளில் அச்சுப் பதிக்க எந்தக் காயில் ஆரம்பிக்கலாம் டீச்சர்?

வெண்டைக்காய். குறுக்கே வெட்டினால் ஐந்து அறையோடு பூ தயார், செதுக்கும் வேலையே இல்லை. பிஞ்சு வேண்டாம், அழுத்தினால் நசுங்கும். நுனியை ஒடித்தால் ஒடியாமல் வளைகிறதே, அந்த முற்றல் காயை எடுங்கள். நார் ஏறிய சுவர்தான் தெளிவாகப் பதியும். காம்புப் பக்கம் விரல் நீளம் விட்டால் பிள்ளைக்குப் பிடி கிடைக்கும். வெட்டுவது நீங்கள், அழுத்துவது அவன்.

வெட்டிய முகத்தைப் பழந்துணியில் ஒற்றிக் கொழகொழப்பை எடுங்கள். சாயத்தைக் கிண்ணத்தில் ஊற்றாதீர்கள். தட்டில் ஈரத்துணியை மடித்துப் போட்டு, மேலே போஸ்டர் கலரைக் கெட்டியாகத் தடவுங்கள். காயை அதில் ஒற்றித் தாளில் அழுத்தினால் முதல் பதிவு திட்டாக விழும். இரண்டாவதில் விதைக்குழி வரைக்கும் தெரியும்.

காவேரிப்பட்டணம்: மாம்பழத்தில் வருமா?

பழம் வேண்டாம், சாறு தாளை ஊறவைத்துவிடும். தின்ற கொட்டையைக் கழுவிக் காயவைத்து, சாயம் தடவி உருட்டுங்கள். வரி வரியாக விழும்.

அரூர்: சாயத்துக்குப் பீட்ரூட், மஞ்சள், குங்குமம் போதாதா?

பீட்ரூட் நாளாக ஆகப் பழுப்பாகும். மஞ்சள் வெயிலில் வெளுக்கும், ஆனால் ஆப்பசோடா சிட்டிகை சேர்த்தால் சிவக்கும். அந்த மாற்றத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும். சுண்ணாம்பு கூடாது, கண்ணைப் புண்ணாக்கும். குங்குமமும் கூடாது. சில குங்குமத்தில் ஈயம் இருக்கிறது.

பாலக்கோடு, விவசாயி: விலை இல்லாமல் தக்காளியை ரோட்டோரம் கொட்டியவன் நான். தின்கிற பொருளைச் சாயத்தில் முக்குவது மனசுக்கு ஒப்பவில்லை.

ராயக்கோட்டை: கொட்டுகிற தக்காளியிலேயே செய்தால் என்ன அண்ணா?

அண்ணன் சொல்வதுதான் நியாயம். நல்ல காயை வாங்கி வெட்ட நானும் ஒப்பமாட்டேன். உழைத்து விளைந்ததைப் பிள்ளைகள் விளையாட்டுப் பொருளாக நினைத்துவிடக் கூடாது. கொட்டுகிற தக்காளி உதவாது தம்பி, ஒரே நீர், வழுக்கும். ஆனால் சமையலுக்கு ஆகாத எத்தனையோ அச்சுக்கு ஆகும். முற்றல் வெண்டை வாயில் மெல்ல முடியாது, அச்சுக்கு அதுதான் முதல்தரம். கீரைத்தண்டின் அடிக்கட்டையைக் கட்டோடு வெட்டினால் வட்டம் வட்டமாக வரும். வாழையிலை நரம்பின் அடிமட்டையில் சின்னச் சின்ன அறைகள் இருக்கும், பதித்தால் ஜன்னல் ஜன்னலாகத் தெரியும். முளைவிட்டுப் பச்சை ஏறிய உருளைக்கிழங்கைத் தின்னவே கூடாது, அச்சுக்குக் கொடுங்கள். பிள்ளை வாயில் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு: அப்படியென்றால் சரி. முற்றல் வெண்டை எங்கள் தோட்டத்திலேயே கிடக்கிறது.

ஓசூர்: குடைமிளகாய்?

வரும். விதையை உதறிவிடுங்கள்.

மொரப்பூர்: எனக்குத் திட்டுத் திட்டாக வருகிறதே?

துடைத்தீர்களா? முதல் பதிலைப் படியுங்கள்.

ஊத்தங்கரை: வெங்காயம் பதியவில்லை, தாளெல்லாம் ஈரம்.

துடையுங்கள். துடைத்தபின் கேளுங்கள்.

தேன்கனிக்கோட்டை, ஒரு பாட்டி: பேத்திக்கு ஒன்றரை வயசு. எல்லாம் வாய்க்குப் போகிறது.

அப்படியென்றால் கடைச் சாயமே வேண்டாம் அம்மா. கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சி நன்றாக ஆறவையுங்கள், அதுவே பழுப்புச் சாயம். காயை வாயில் அடங்காத பெரிய துண்டாகக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்காருங்கள். நக்கினாலும் கவலையில்லை.