ஜீப்பை உயர்த்தினால் பட்டை எத்தனை நாள் தாங்கும்?

நாலு சக்கரத்துக்கும் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங், உள்ள பழைய ஜீப்பை 2 அங்குலம் உயர்த்தி மாஞ்சோலை மலைப் பக்கம் ஓட்டினால் பட்டை சீக்கிரம் ஒடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள் அண்ணாச்சி. உயரத்தால் மட்டும் ஒடியாது, எப்படி உயர்த்தினீர்கள் என்பதுதான் கணக்கு.

தொய்ந்த பழைய பட்டையையே அடித்து வளைத்துத் தருவார்கள், செலவு குறைவுதான், ஆனால் முறையாகச் சூடேற்றிப் பதம் வைக்காவிட்டால் அந்த வளைவு சீக்கிரமே இறங்கிவிடும், தயவுசெய்து அதை நம்பி மலையேறாதீர்கள். விறைப்பான குட்டைப் பட்டை ஒன்றைச் செருகுவதும் நல்லதல்ல. அதன் நுனி முடிகிற இடத்திலேயே மேல்பட்டை மடங்கி மடங்கிக் கடைசியில் கீறல் விடும். கூடுதல் வளைவோடு செய்த முழு செட்தான் நீடிக்கும். பட்டையின் நுனியைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை 2 அங்குலம் நீளமாகப் போட்டால் வண்டி 1 அங்குலம்தான் உயரும். முன் அச்சில், அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே உயரத்துக்காக வைக்கும் இடைக்கட்டை வேண்டவே வேண்டாம், பிரேக் பிடிக்கும்போது பட்டை முறுக்கிக்கொள்ளும்.

அப்புறம், பட்டையை அச்சோடு சேர்த்து இறுக்கும் யு போல்ட். மணிமுத்தாறு தாண்டி ஏறும்போது என் வண்டியில் பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் நடு போல்ட் முறிந்து, அச்சு ஒரு பக்கம் பின்னால் நகர்ந்து, வண்டி கோணலாகவே போனது. குனிந்து பார்த்தால் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே செம்பொடி, பக்கத்தில் பளபளவென்று தேய்ந்த கோடு. யு போல்ட் தளர்ந்து பல நாள் ஆகியிருக்கிறது. புது செட் மாட்டி 500 கிலோமீட்டர் ஓடியதும் கட்டாயம் மறுபடி இறுக்குங்கள். ஷாக் அப்சார்பரும் நீளமானதாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது முழு இழுவையும் அதன்மேல்தான் விழும்.