கடலூரில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம், வேலைக்கு எப்படித் தயாராவது?

முதலில் சென்னையை விடுங்க. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ரசாயன, மருந்து ஆலைகள் இருக்கு, அங்கே தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு வேதியியல் படித்தவர்கள் தேவை. நேர்காணலில் பெரிய தத்துவம் கேட்க மாட்டாங்க. டைட்ரேஷனில் எந்த இண்டிகேட்டர், ஏன் அது, நார்மாலிட்டிக்கும் மோலாரிட்டிக்கும் என்ன வித்தியாசம், கரைசல் தயாரிக்க எத்தனை கிராம் எடுக்கணும் என்று கேட்டால் பேனாவை எடுத்து உடனே போட்டுக் காட்டணும், அதனால் செய்முறை ரெக்கார்டைத் தோழியிடம் பார்த்து எழுதாதீங்க. ஷிப்ட் ஒத்துவருமா என்பதை வீட்டில் இப்பவே பேசிடுங்க.

அப்புறம் இன்னொரு வழி, 1961ஆம் வருஷத்துத் தொழிற்பழகுநர் சட்டப்படி நடக்கும் பட்டதாரிப் பயிற்சி. உதவித்தொகை உண்டு. முடித்ததும் நிரந்தர வேலை தரணும் என்ற கட்டாயம் இல்லை, ஆனாலும் வெறும் கையோடு நிற்பதற்கு இது எவ்வளவோ மேல். நெய்வேலி என்எல்சியும் பழகுநர்களை எடுக்கிறது, மத்திய அரசின் நாட்ஸ் (NATS) என்ற தொழிற்பழகுநர் பயிற்சி இணையதளத்தில் பதிவு செய்து வையுங்க.