கேட்பவருக்கென்றே பிறக்கும் இசை: 1971இன் ஒரு ராக் பாடல்

மக்கள் பிற்காலத்தில் இசையை எப்படிக் கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே உணர்ந்த ராக் பாடல் எது என்பது கேள்வி. இங்கிலாந்தின் 'தி ஹூ' குழு 1971 ஆகஸ்டில் வெளியிட்ட 'ஹூஸ் நெக்ஸ்ட்' இசைத்தட்டின் முதல் பாடலான 'பாபா ஓரைலி' என்பேன்.

இதை எழுதிய பீட் டவுன்ஷெண்ட் 'லைஃப்ஹவுஸ்' என்றொரு பெரிய கதையைத் திட்டமிட்டிருந்தார். அது கைகூடாமல் போகவே, அதற்கென எழுதிய பாடல்களில் பல இந்தத் தட்டில் இடம்பெற்றன. சூழல் மாசுபட்டு வெளியே நடமாட முடியாமல் போன மக்கள் தனி வகை உடைகளுக்குள் அடைந்து கிடக்க, 'கிரிட்' என்னும் வலையமைப்பு அந்த உடைகளின் வழியே அவர்களுக்கு அனுபவங்களை அனுப்பிக்கொண்டிருக்கும் என்பது கதையின் களம். இணையம் வீடுகளுக்குள் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கற்பனை இது.

என்னை ஆட்கொள்வது பாடலின் தொடக்கம்தான். ஒரு மனிதரைப் பற்றிய விவரங்களைச் சின்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவிக்குள் செலுத்தி, அவருக்கே உரிய இசையைப் பெறலாம் என்று டவுன்ஷெண்ட் எண்ணினார். தம் குருவான, புனேயில் பிறந்த மேஹர் பாபாவை அவ்வாறு இசையாக்க விரும்பினார். தலைப்பின் முற்பாதி பாபா; பிற்பாதி, சிறு சுரத்தொடர்களைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து இசையமைத்த அமெரிக்கர் டெரி ரைலி. பலரும் நினைப்பதுபோல் அங்கே ஒலிப்பது சின்தசைசர் அன்று. கட்டையை அழுத்திப் பிடித்தால், மரச்சட்டங்களைக் கோலால் தட்டி வாசிக்கும் மரிம்பாவைப் போலத் தானாகவே திரும்பத் திரும்பத் தட்டும் லௌரி நிறுவனத்தின் மின்னணு ஆர்கன். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்: அந்தச் சுரங்கள் முதலில் தனியே ஓடிக்கொண்டிருக்க, அவற்றின் மேல் பியானோவின் மூன்று கார்டுகள் (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) கனமாக இறங்கும் இடத்தில் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது.

மேடையில் அந்த ஆர்கன் ஒலி நாடாவிலிருந்தே வந்ததால், டிரம்ஸ் வாசித்த கீத் மூன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதனோடு தாளம் சேர்த்தார்.

இன்றைய செயலிகள், நாம் முன்பு கேட்டவற்றைக் கணக்கிட்டு, வேறொருவர் என்றோ பதிவுசெய்த பாடல்களை வரிசைப்படுத்துகின்றன. டவுன்ஷெண்ட் விரும்பியதோ கேட்பவரிடமிருந்தே புதிதாகப் பிறக்கும் இசை. அந்த விருப்பம் அவரை விடவில்லை: 2007இல், பயனர் தம் குரலையும் படத்தையும் கொடுத்தால் அவருக்கென ஓர் இசைத்துணுக்கை உருவாக்கித் தரும் இணையதளம் ஒன்றை, கணித முறையில் இசையமைக்கும் லாரன்ஸ் பாலுடன் சேர்ந்து அவர் தொடங்கினார்.